சோமர்செட்டின் புள்ளிக் கணக்கு

நகரத்தார் வீடுகளில் புள்ளி என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. மணமாகித் தனிக் குடும்பமாக நிற்கும் ஒரு தம்பதியைக் கோவில் கணக்கில் ஒரு புள்ளி என்று எழுதுவார்கள். ஊருக்கு எத்தனை புள்ளி, புள்ளிக்கு எவ்வளவு வரி என்பதைப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது, ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அது சாதாரண விஷயமாக இருக்காது. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததனால்தானோ என்னவோ, இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் ஆடும் கிரிக்கெட் போட்டியான கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பின் பட்டியலைப் பார்க்கும்போது மற்றவர்களுக்கு வரும் கொட்டாவி எனக்கு வருவதில்லை. நான்கு நாள் ஆடி, பாதி நேரம் மழையில் கழித்து, கடைசியில் வெற்றி தோல்வி இல்லாமல் கைகுலுக்கிப் பிரிந்த ஓர் ஆட்டத்திலும் ஓர் அணிக்கு ஒன்பது புள்ளியும் மற்றதற்கு எட்டும் கிடைத்திருக்கும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது.

வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்குத் திரும்பிய அடுத்த ஆண்டு, அதாவது 2019இல், ஒரு முழுப் பருவத்தையும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அணியோடு கழிப்பது என்று முடிவு செய்தேன். அணி எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. 1980இல் விவியன் ரிச்சர்ட்ஸ் மேற்கிந்தியத் தீவுகள் அணியோடு சுற்றுப்பயணம் வந்ததால் தென்மேற்கு இங்கிலாந்தின் சோமர்செட் அணியில் ஏற்பட்ட இடத்தை நிரப்பச் சுனில் கவாஸ்கர் போனார். அந்தக் கோடையில் சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழின் கடைசிப் பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில், சில நாள் பழைய ஸ்கோரில் அவர் பெயரைத் தேடும் வேலையை அப்பச்சி எனக்குக் கொடுத்தார். அப்பச்சி மலாயாவின் ஈப்போவில் ஒரு வட்டிக் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து மூன்று வருடக் கணக்கு இரண்டு முடித்தவர்; அங்கே பாடாங் என்ற திடலில் வெள்ளைக்காரர்கள் வெள்ளை உடையில் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்துத்தான் கிரிக்கெட் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். கவாஸ்கர் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுத் திரும்பிவிட்டார். நான் சோமர்செட்டை விடவில்லை.

விட்டிருக்கலாம் என்று நினைக்கக் காரணங்கள் நிறைய உண்டு. 1891இல் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்த இந்த அணி இதுவரை ஒருமுறைகூட அதை வென்றதில்லை. ஒருநாள் கோப்பைகள் கிடைத்திருக்கின்றன. ரிச்சர்ட்ஸ், ஜோயல் கார்னர், இயன் போத்தம் மூவரும் சேர்ந்திருந்த 1979இல் இரண்டு கோப்பைகள் ஒரே வாரக் கடைசியில் வந்தன. அதே 1979இல் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற ஒருநாள் கோப்பையில் அடுத்த சுற்றுக்குப் போக, தங்கள் விக்கெட் விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில், வூஸ்டர்ஷயருக்கு எதிராக ஒரே ஓவர் ஆடி ஒரு ரன் எடுத்த உடனே கேப்டன் பிரையன் ரோஸ் இன்னிங்ஸை அத்தோடு முடித்து டிக்ளேர் செய்துவிட்டார். எதிரணி பத்தே பந்துகளில் வென்றது. விதியில் அதற்குத் தடை இல்லை. ஆனாலும் சோமர்செட்டைப் போட்டியிலிருந்தே விலக்கினார்கள். அப்பச்சி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், கணக்குச் சரிதான், கடை நடத்தத் தெரியவில்லை என்று முடிப்பார்.

என் கையில் அப்பச்சியின் பழைய பேரேடு ஒன்று இருந்தது. முதல் நாற்பது பக்கங்கள் ஈப்போ வரவு செலவு, மீதி வெறுமை. அதை எடுத்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மேலே உ போட்டு, சிவமயம் எழுதி, கீழே சோமர்செட் 2019 என்று தலைப்பிட்டேன். அப்பச்சி இருந்தால் கோபித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

அந்த ஆண்டின் கணக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு கவுன்ட்டிகளில் எட்டு முதல் பிரிவில். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டங்கள். வென்றால் பதினாறு புள்ளி, வெற்றி தோல்வி இல்லாமல் சமனில் முடிந்தால் ஐந்து. இதற்கு மேல் ஊக்கப் புள்ளிகள்: முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் 200 ரன் எட்டினால் ஒன்று, பிறகு ஐம்பதுக்கு ஒன்றாக 400 வரை ஐந்து, அதே 110 ஓவருக்குள் எதிரணியின் மூன்று, ஆறு, ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினால் ஒவ்வொன்று. ஆக, ஓர் அணி 197 ரன்னில் ஆட்டமிழப்பதும் 203இல் ஆட்டமிழப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பேரேட்டில் ஒன்றல்ல. இதன் வலியைச் சோமர்செட்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல் நாட்டிங்ஹாம்ஷயரும் சோமர்செட்டும் 214 புள்ளிகளோடு சமமாக முடித்தன. நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஏழு வெற்றிகள், சோமர்செட்டுக்கு ஆறு என்பதால் பட்டம் அங்கே போனது. நாட்டிங்ஹாம்ஷயருக்குக் கடைசி நாளில் தேவைப்பட்ட அந்த ஒற்றை ஊக்கப் புள்ளி, லங்காஷயரின் மூன்றாவது விக்கெட் விழுந்தபோதுதான் கிடைத்தது. சித்திரையில் யாரோ ஒரு கடைசி ஆட்டக்காரர் அவசரப்பட்டுத் தூக்கி அடித்துத் தொலைத்த புள்ளி, ஆவணி முடிவில் கதவைத் தட்டிக் கேட்டது.

பருவம் தொடங்கியபோது இங்கே பங்குனி வெயில். சோமர்செட்டின் சொந்த மைதானமான டாண்டனில் ஆடுகிறவர்கள் உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக் கைகளை ஊதிக்கொண்டிருக்க, நான் முகப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே கோடைக் கணக்கில் காலை பதினொரு மணி, இங்கே பிற்பகல் மூன்றரை. மதியத் தூக்கம் கலைந்து, காபி வரும் நேரத்தில் முதல் பந்து. அவர்கள் மதிய உணவுக்குப் போகும்போது இங்கே கொப்புடையம்மன் கோவிலுக்குப் போய் வர நேரம் இருக்கும். தேநீர் இடைவேளை எங்கள் இரவு உணவு. ஆட்டம் முடியும்போது வீடு அடங்கியிருக்கும். இவ்வளவு ஒழுங்காக என் நாளோடு பொருந்திய விளையாட்டு வேறில்லை. சங்கமே இணையத்தில் நேரலை தந்தது. அதற்கு மேல் பிபிசியின் உள்ளூர் வானொலி வர்ணனை. வர்ணனையாளர்கள் பாதி நேரம் கேக், தேவாலயக் கோபுரம், குவான்டாக் மலை மேல் திரளும் மேகம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இடையில் போகிற போக்கில் ஒரு விக்கெட் விழும். மைதானத்தை ஒட்டி டோன் ஆறு ஓடுகிறது. அந்தக் காலத்தில் போத்தமும் ரிச்சர்ட்ஸும் அடித்த பந்துகள் அதில் விழும் என்று வர்ணனையில் கேட்டபோது, எங்கள் ஊருணியில் விழுந்த பந்துகளை நினைத்துக்கொண்டேன். ஊருணியில் தண்ணீர் இருந்த காலம் அது.

முதல் ஆட்டத்திலேயே கென்ட் அணியை 74 ரன்னில் வென்றார்கள். முதல் இன்னிங்ஸில் எடுத்தது 171 மட்டுமே, ஆகவே பேட்டிங்கில் ஊக்கப் புள்ளி ஒன்றும் இல்லை. பேரேட்டில் 16, 3, கூட்டுத்தொகை 19 என்று எழுதினேன். ஏப்ரல் மாத ஆடுகளத்தில் பச்சை இருக்கும். கையால் தைத்த டியூக்ஸ் பந்தின் தையல் பிடித்துக்கொண்டு விலகும். லூயிஸ் கிரிகரி, கிரெய்க் ஓவர்டன், ஜாக் புரூக்ஸ் ஆகியோருக்கு அது வாய்ப்பான காலம். ரன் எடுப்பதுதான் பாடு. அந்த ஆண்டு முழுவதும் சோமர்செட்டின் கதை இதுதான்: பந்துவீச்சு ஈட்டிக் கொடுக்கும், பேட்டிங் செலவழித்துவிடும். கேப்டன் டாம் ஏபெல் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் மேல் வரிசை நம்பகமாக இருந்தது என்று பொய் சொல்ல முடியாது.

மே 25இல் லார்ட்ஸில் ஹாம்ப்ஷயரைத் தோற்கடித்து ஒருநாள் கோப்பையை வென்றார்கள். மகிழ்ச்சிதான். பேரேட்டில் அதற்கு இடம் இல்லை, ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் மார்கஸ் டிரெஸ்கோதிக் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். 1993இல் முதல் ஆட்டம், இருபத்தேழு பருவங்கள், எல்லாம் ஒரே கவுன்ட்டிக்கு. இங்கிலாந்துக்காக 76 டெஸ்டுகளில் ஆடி 14 சதங்கள் எடுத்தவர், 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவிலும், பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஊர் திரும்பினார். மன அழுத்த நோய் என்பதைப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த அளவு புகழ் பெற்ற விளையாட்டு வீரர் அதைச் சொல்வது எளிதல்ல. 2008இல் சர்வதேச ஆட்டத்தை விட்டுவிட்டார். அதன் பின் பன்னிரண்டு பருவங்கள் டாண்டனிலேயே. மூன்று வருடம் கடல் தாண்டிப் போய் இருந்துவிட்டு வருவதை வாழ்க்கை முறையாகவே வைத்திருந்த ஊரைச் சேர்ந்தவன் நான். அந்தக் கதைகளில் சம்பாதித்து வந்தவர்களின் வீடுகளைத்தான் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். பினாங்குக்குக் கப்பலேறி நான்கே மாதத்தில் திரும்பிவந்த என் பெரியப்பா ஒருவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பட்டாலை ஓரத்தில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவர். டிரெஸ்கோதிக் ஊர் திரும்பியபோது டாண்டன்காரர்கள் அவரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பெரியப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஜூலையில் லீட்ஸில் யார்க்ஷயரிடம் ஓர் இன்னிங்ஸ் தோல்வி. அதன் பிறகு இருபது ஓவர் போட்டிகள் வந்து, சாம்பியன்ஷிப் ஒதுங்கிக்கொண்டது. நல்ல வெயில் அடிக்கும் நாட்களை அதற்குக் கொடுத்துவிட்டு, நான்கு நாள் ஆட்டத்தைக் குளிருக்கும் மழைக்கும் தள்ளிவிட்டார்கள் என்பது அங்குள்ள ரசிகர்களின் பழைய மனத்தாங்கல். எனக்கும் அதில் உடன்பாடே. இங்கே அப்போது தமிழ்நாட்டு அணிகளின் இருபது ஓவர் போட்டியான டிஎன்பிஎல் நடந்துகொண்டிருந்தது. காரைக்குடிக் காளை என்று எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கி ஓர் அணி ஆடியது. அதை விட்டுவிட்டு யாரோ ஒரு சோமர்செட்டைப் பார்க்கிறீர்களே என்று தங்கை மகன் கேட்டான். அந்தக் காளையைக் காரைக்குடியில் எங்கே பார்ப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். சென்னை, திண்டுக்கல், திருநெல்வேலி என்று ஆடியதே தவிர எங்கள் ஊர்ப் பக்கம் அது வந்ததில்லை. பிறகு பெயரும் திருப்பூருக்குப் போய்விட்டது.

ஆகஸ்டில் சோமர்செட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் சோமர்செட்காரர் ஒருவரைப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, லீட்ஸில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆஷஸ் டெஸ்ட். 359 ரன் இலக்கில் ஒன்பது விக்கெட் போன பிறகு 73 தேவை என்ற நிலையில் சோமர்செட்டின் சுழற்பந்து வீச்சாளர் ஜாக் லீச் உள்ளே வந்தார். பென் ஸ்டோக்ஸ் எதிர்முனையில் விளாச, லீச் ஒவ்வொரு பந்துக்கும் முன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பதினேழு பந்துகளில் எடுத்தது ஒரு ரன். பிரிக்கப்படாத 76 ரன் கூட்டணி, ஒரு விக்கெட்டில் வெற்றி. உலகம் ஸ்டோக்ஸின் 135ஐக் கொண்டாடியது. நான் அந்த ஒன்றைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். அந்தக் கண்ணாடி டாண்டன் மைதானத்தின் சுழற்பந்து மூலையிலிருந்து போனது அல்லவா.

செப்டம்பரில் எதிர்பாராத விருந்தாளி. அணியில் ஆடிவந்த அசார் அலி பாகிஸ்தானுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், கடைசி மூன்று ஆட்டங்களுக்கு முரளி விஜய்யைச் சோமர்செட் அழைத்தது. சேப்பாக்கத்துப் பையன் டாண்டனில் என்றதும், அதுவரை என்னைக் கேலி செய்த தங்கை மகன் தானாக வந்து முகப்பில் உட்கார்ந்தான். விஜய்க்கு ரன் வரவில்லை. அந்தத் தையல் பந்தும் மெதுவான ஆடுகளமும் யாருக்கும் சொந்த வீடு போல் இருக்கவில்லை. ஆனாலும் யார்க்ஷயரை 298 ரன்னில் வென்று, இன்னும் இரண்டு ஆட்டங்கள் இருக்கையில், பட்டத்துக்குப் போட்டியாக இருந்த எசெக்ஸை விட எட்டுப் புள்ளி முன்னால் நின்றார்கள். பேரேட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். மனைவி, யார் பணம் திரும்பி வந்தது என்று கேட்டார்.

அடுத்த ஆட்டம் சவுத்தாம்ப்டனில், ஹாம்ப்ஷயருக்கு எதிராக, செப்டம்பர் 16 அன்று தொடங்கியது. கைல் அபட் என்ற தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் முதல் இன்னிங்ஸில் 40 ரன்னுக்கு ஒன்பது விக்கெட், இரண்டாவதில் 46க்கு எட்டு. மொத்தம் 86க்குப் பதினேழு. 1956இல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் பத்தொன்பது எடுத்ததற்குப் பிறகு முதல்தர ஆட்டத்தில் இப்படி ஒருவர் செய்ததில்லை. எதிரணியின் சாதனை என்று தள்ளிவைத்து ரசிக்கும் பக்குவம் எனக்கு அன்று இல்லை. மூன்றாம் நாள் ஆட்டம் 136 ரன் தோல்வியில் முடிந்ததும் கணினியை மூடிவிட்டேன். சோமர்செட் எடுத்தவை 142, 144. ஒரு இன்னிங்ஸும் 200 தொடவில்லை. பேரேட்டில் அந்த வாரம் வரவு மூன்று. அதே வாரம் சர்ரேயை வென்ற எசெக்ஸுக்கு 23. எட்டு முன்னிருப்பு பன்னிரண்டு கடனாக மாறியது.

கடைசி ஆட்டம் டாண்டனில், எசெக்ஸுக்கு எதிராகவே. வென்றால் பட்டம். செப்டம்பர் 23 முதல் 26 வரை. மழை பிடித்துக்கொண்டது. ஆண்டு முழுவதும் மழைக்கு வானத்தைப் பார்க்கிற சீமை எங்களுடையது. வளவில் விழும் ஒவ்வொரு சொட்டையும் பித்தளை அண்டாவில் பிடித்த வீட்டில் பிறந்தவன், அந்த நான்கு நாளும் எங்கோ ஓர் ஊரில் மழை நிற்க வேண்டும் என்று பிள்ளையார்பட்டியை நோக்கிக் கும்பிட்டேன். அந்த வேண்டுதலைப் பற்றி இன்றும் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. நாள் கணக்கில் ஆட்டம் போயிற்று. சோமர்செட் 203 எடுத்தது, அதில் ஒரு புள்ளி. வியாழக்கிழமை, கடைசி நாள், எசெக்ஸ் ஒரு விக்கெட்டுக்கு 102 என்று நிம்மதியாக நின்றது. அலிஸ்டர் குக் அரைச் சதம் அடித்திருந்தார். எங்கள் வீட்டில் விளக்கு வைத்தாயிற்று. இனி ஒன்றுமில்லை என்று எழுந்தேன்.

பிறகு நடந்ததை நான் நின்றுகொண்டே பார்த்தேன். ஆடுகளம் சுழலத் தொடங்கியது. லீச் ஒரு பக்கம், வான் டெர் மெர்வ மறுபக்கம். 39 ரன்னுக்குள் ஒன்பது விக்கெட். 141இல் எசெக்ஸ் முடிந்தது. லீச்சுக்கு ஐந்து, வான் டெர் மெர்வவுக்கு நான்கு. கையில் 62 ரன் முன்னிலை, மீதம் இருந்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏபெல் தன் இரண்டாவது இன்னிங்ஸையே விட்டுக்கொடுத்து, 63 ரன் எடுங்கள், இல்லையேல் பத்து விக்கெட்டையும் கொடுங்கள் என்றார். 1979இல் ஒரு ரன்னுக்கு டிக்ளேர் செய்த அதே அணி. இந்த முறை கணக்குக்கு எதிராகக் கணக்கு, அப்பச்சி ஒப்புக்கொண்டிருப்பார். மட்டையைச் சுற்றி ஒன்பது பேர் குனிந்து நிற்க, எசெக்ஸ் நிதானமாக ஒரு விக்கெட்டுக்கு 45 வரை ஆடியது. இறுதிக் கட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக டிரெஸ்கோதிக் ஸ்லிப்பில் நிற்க மைதானத்துக்குள் வந்தார். அந்த ஆட்டத்தில் அவர் அணியில் இல்லை. விடைபெறுவதற்காக மட்டும் வந்தார். எசெக்ஸ் ஆட்டக்காரர்களும் கைதட்டினார்கள். ஆட்டம் சமன். எசெக்ஸ் சாம்பியன்.

அன்று இரவு பேரேட்டை முடித்தேன். எசெக்ஸுக்கு ஐந்தும் மூன்றும் எட்டு. சோமர்செட்டுக்கு ஐந்தும் ஒன்றும் மூன்றும் ஒன்பது. பன்னிரண்டு பதினொன்றாகக் குறைந்தது. ஆறாவது முறையாக இரண்டாம் இடம்: 2001, 2010, 2012, 2016, 2018, 2019.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அந்தக் கடைசி ஆட்டத்தின் ஆடுகளம் மோசமானது என்று தீர்மானித்து, 24 புள்ளிகள் அபராதம் விதித்தார்கள். அதில் பாதி நிறுத்திவைப்பு, பாதி அடுத்த பருவத்தில் கழிக்க வேண்டியது. அந்த ஆடுகளம் கொஞ்சம் அளவு மீறித்தான் சுழன்றது, மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் பச்சைப் புல்லில் 171க்கும் 131க்கும் ஆட்டம் முடிந்தால் அது இங்கிலாந்துத் தன்மை, செப்டம்பரில் சுழன்றால் அது குற்றம் என்ற வழக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த ஆண்டு பெருந்தொற்றினால் சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. அதற்குப் பதில் நடந்த பாப் வில்லிஸ் கோப்பையின் இறுதியாட்டமும் எசெக்ஸோடுதான். லார்ட்ஸில் சமனாக முடிந்து, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் எசெக்ஸுக்கே போனது. அபராதப் புள்ளிகள் எட்டாகக் குறைக்கப்பட்டு 2021க்குத் தள்ளிவைக்கப்பட்டன.

2021 ஏப்ரலில் புதுப் பக்கம் திறந்தேன். மேலே உ, அதன் கீழ் சிவமயம், அதன் கீழ் சோமர்செட் என்று எழுதி, முதல் வரியில் முன்பாக்கி பற்று 8 என்று போட்டேன். காபியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு பந்துகூடப் போடல, அதுக்குள்ள கடனா?" என்றார்.